அவருக்கு முன்னால் ஒரு வாய்

...இன்னும் ஒரு அக்குபங்சர் ஊசி பாக்கி என்கிறாள் இந்தக் கலைப்பிரியா டாக்டர், என் மகளைவிடச் சின்னவள், தாடைக்கடியில் தடவித் தடவி இடம் பார்த்துக் குத்துகிறாள், என் வீட்டுக்காரர் அசையவில்லை, கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது முள் குத்தினால் ஊரையே கூட்டுகிற மனிதர், கழுத்திலும் கையிலுமாகப் பதினொரு ஊசியோடு பரம சாதுவாக உட்கார்ந்திருக்கிறார், மூக்கில் அந்தக் கஞ்சி ஊற்றுகிற குழாய் வேறு. எழுபது நாளாகிறது. பக்கவாதம் வந்த அன்று வாய் ஒரு பக்கம் இழுத்தது, கை விழுந்தது, அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது, பேச்சுகூடக் குழறலாக வருகிறது, இந்த முழுங்குவது மட்டும்... முழுங்குவது ஒரு வேலை என்று யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா? திண்டிவனத்திலிருந்து வாரம் மூன்று நாள் விழுப்புரத்துக்கு வருகிறோம், ஊசி மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்கிறாள், அதையும் செய்கிறோம். இன்றைக்கும் ஒன்றும் இறங்கவில்லை என்றால் திங்கட்கிழமை வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் கண்டுபிடிக்கிற நாக்கு இவருக்கு.

ஊசிகளை எடுத்தாகிவிட்டது. கிண்ணத்தில் கேப்பைக் கூழ், தண்ணீரைவிடக் கெட்டியானதுதான் புரையேறாமல் போகும் என்று டாக்டர் சொன்னதால் காலையில் நானே கிண்டியது. முகவாயை நெஞ்சோடு சேர்த்து உட்காரவைத்து நாக்கில் கால் ஸ்பூன் வைக்கிறாள். அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். முழுங்கு மாமா, முழுங்கு... கண் என்னைத் தேடுகிறது, தொண்டை அசையவே இல்லை. "விருத்தாசலம் ஐயா பயப்படறாரும்மா, அவருக்கு எதிர்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க, பாத்தா அவருக்கும் வரும்." நானா? அவருக்கு முன்னாடியா? "அவரு சாப்ட்டப்புறம்தாங்க நான் சாப்டறது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, அம்மா வீட்டிலும் அப்படித்தான், மாமியார் வீட்டிலும் அப்படித்தான். "அப்ப எழுபது நாளா நீங்க பட்டினியாம்மா?" என்று சிரிக்கிறாள். பட்டினி இல்லை, குழாயில் கஞ்சி ஊற்றி முடித்ததும் அடுப்படிக்குப் போய், நின்றபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டு நாலு கவளம்... அதை இவளிடம் எப்படிச் சொல்வது?

ஸ்பூனை எடுக்கிறேன். வாயில் வைத்தால் எனக்கும் இறங்க மாட்டேன் என்கிறது, அட பேஜாரே, இரண்டு பேருமா இப்படிக் கூழை அடக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு... சிரிப்பு வருகிறது, சிரிப்போடு எனக்கு இறங்கிவிட்டது. அவர் என் கழுத்தையே பார்க்கிறார். பிறகு அவர் தொண்டை முடிச்சு மேலே ஏறி, நின்று, இறங்குகிறது. இருமல் இல்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறாள், நாக்கு சுத்தம். "ஒரு வாய்தாம்மா, குழாயை இப்ப எடுக்க முடியாது. ஆனா திங்கக்கிழமை வேணாம், இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னு பெரிய டாக்டர்கிட்ட நானே சொல்றேன்." எனக்கு அழுகை முட்டுகிறது, சந்தோஷம்தான்.

"இன்னொரு... வாய்" என்கிறார் குழறலாக. டாக்டர் ஸ்பூனை நீட்டப் போகிறாள், அவர் தலையை ஆட்டுகிறார். "நீ... துண்ணு, காந்தி." தின்கிறேன். கண் எடுக்காமல் பார்க்கிறார், யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல. ஏன் இப்படி... முப்பத்தாறு வருஷம், எத்தனை ஆயிரம் வேளை, கரண்டியோடு பக்கத்தில் நின்று இவர் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன், நான் சாப்பிட்டு இவர் ஒரு வேளைகூடப் பார்த்ததில்லையே. என்ன தோன்றுகிறது இவருக்கு? கேட்கலாம் என்றால் வாய் நிறையக் கூழ்.