குடுத்தாருன்னு ஒரு வார்த்தை

அன்று விடியும்போது களத்தில் இருந்தவர்கள்: ராமாயி, சுகுணா, இன்னும் ஒன்பது பெண்கள், மேஸ்திரி வேல்முருகன், சேலத்து மில்லில் இரவு ஷிப்டை விட்டுவிட்டு மலைக்கே திரும்பிவந்த சுகுணாவின் தம்பியான நான். அப்புறம் அர்த்தநாரி முதலாளி. அவர் செத்துப் பதினோரு மாதமாகிறது. நாற்காலியில் மாலை போட்ட படமாக இருந்தார்.

பனி விலகவில்லை. முந்தின நாள் பறித்த மிளகுச் சரங்களைக் கொட்டிப் பெண்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். காலால் மிதித்துத்தான் மணியை உதிர்ப்பார்கள். முதல் அரைமணி நேரம் குளிர் மட்டும் தெரியும். அப்புறம் காரம் ஏறும். பாத வெடிப்பில் இறங்கும், நகக்கண்ணில் இறங்கும். சாயங்காலம் தண்ணீரில் காலை வைத்தால் இன்னும் எரியும்.

அர்த்தநாரி பேளுக்குறிச்சிக்காரர். சந்தையில் சாக்கு விரித்து மிளகு விற்றவர், இந்தப் பக்கத்து மிளகையெல்லாம் தன் கிடங்குக்கு இறக்கும் அளவுக்கு வளர்ந்தார். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, பஸ் நிறுத்தத்துக்குக் கூரை, செத்தவர்களை வைக்கக் குளிர்பெட்டி என்று எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கிறது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டியில்தான் என் அப்பாவையும் வைத்திருந்தோம். ஆனால் அவர் கொடுத்ததாக ஊர் அதிகம் பேசுவது, களத்துக்குப் பின்னால் இருக்கும் பன்னிரண்டு வீடுகளைத்தான். நாங்களும் மேஸ்திரியும் இருக்கும் வீடுகள்.

வருஷத் திதியன்று மண்டபத்தில் போடுவதற்காக அவர் வாழ்க்கையைப் படம் எடுக்கிறான் மகன் சந்தோஷ்குமார். அதே சந்தோஷ்குமார்தான் மூன்று நாள் முன்பு வேல்முருகனிடம் சொல்லியனுப்பினான்: பன்னிரண்டு வீட்டையும் காலி செய்ய வேண்டும், சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை கட்டப்போகிறான். எங்கள் யாருக்கும் சொந்தக் காடோ மனையோ கிடையாது. மூன்று நாளாகச் சுகுணா பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ராமாயி எதையும் கட்டவில்லை. அவள் மகள் யமுனா நடக்க முடியாதவள். எங்கே தூக்கிக்கொண்டு போவது?

"ராமாயிக்கா, இங்க வாங்க" என்றான், கேமராக்காரனோடு காரில் வந்து இறங்கிய சந்தோஷ்குமார். அவன் அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான்.

"காலக் கழுவீட்டு வாரனுங்க."

"வேண்டாம், அப்படியே வாங்க. படத்துல அதுதான் நல்லாருக்கும்."

"எரியறதும் படத்துல தெரியுமாடா?" என்று சுகுணா என்னிடம் முணுமுணுத்தாள்.

ராமாயி முதலாளி படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். "என்னங்க சொல்லோணும்?"

"ஒரே வரி. ஊட்டுக்காரரு செத்து நடுத்தெருவுல நின்னேன், மொதலாளி ஊடு குடுத்தாரு. அவ்வளவுதான்."

"குடுத்த ஊட்டத்தான இப்பத் திருப்பிக் கேக்கறீங்க?"

கேமராக்காரன் சிரித்துவிட்டான். சந்தோஷ்குமார் அவளை நான் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பக்கம் தள்ளிக்கொண்டு வந்தான். நான் இருப்பதை அவன் பொருட்படுத்தவில்லை.

"உங்க ஊட்ட மட்டும் இடிக்காம உட்டுர்றேன். புள்ளைய வெச்சுட்டு நீங்க பாட்டுக்கு இருங்க. மத்தவங்ககிட்டச் சொல்லிக்க வேண்டாம்."

ராமாயி மிதித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் சரி என்று சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். திரும்பிப் போய்க் கேமரா முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு பேரு செல்லமுத்துங்க. மிளகு பறிக்க ஒத்த மூங்கில் ஏணில ஏறுவாரு. அன்னைக்குப் பனி. வழுக்குதுங்க, வெயில் வரட்டும்னாரு. லோடு போகோணும், ஏறுன்னாரு மொதலாளி."

"அதெல்லாம் வேண்டாம். நேரா ஊட்டுக்கு வாங்க."

"ஊட்டுக்குத்தானுங்க வாரேன். பொணத்த எடுத்த மறுநாளு ஒருத்தரும் மரம் ஏறல. ஒம்பது நாளு. மிளகு கொடிலயே பழுத்துக் கொட்டுச்சு. பத்தாம் நாளு மொதலாளி வந்து என்ன வேணும்னாரு. சாக்குப் படுதாவுல கெடக்கறோம், ஊடு வேணும்னோம். கட்டுனாரு. குடுக்கலைங்க. நாங்க வாங்குனோம்."

களத்தில் மிதிக்கும் சத்தம் நின்றது.

எங்களுக்குத் தெரியாத கதை இல்லை. புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று ராமாயிதான் மரியாதைக்காக, "மொதலாளி குடுத்தாரு" என்றாள். அடுத்த தீபாவளிக்கு எல்லோரும் சொன்னோம். பள்ளிக்கூட விழாவில் மைக்கில் சொன்னோம். இருபத்திரண்டு வருஷம் சொல்லிச் சொல்லி, அந்த ஒன்பது நாளும் இல்லாமல் போயிற்று. கொடுத்தது என்றால் திருப்பிக் கேட்கலாம். கேட்க அவனுக்கு வாய் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

"நிறுத்துய்யா கேமராவ!" என்று கத்தினான் சந்தோஷ்குமார். "எங்கப்பன் போட்ட சோத்தத் தின்னுட்டு..."

"மிதிச்சதுக்குத்தானுங்க தின்னோம்" என்றாள் சுகுணா.

அவன் காருக்குப் போய்ப் புதுப் பூட்டு ஒன்றை எடுத்து வேல்முருகனிடம் வீசினான். "இவ ஊட்ட மொதல்ல பூட்டு."

"உள்ள புள்ள படுத்திருக்குதுங்க."

"தூக்கி வெளிய வையி."

ராமாயி ஓடவில்லை. அந்தக் காலோடு ஓட முடியாது. வேகமாக நடந்தாள். சுகுணா பின்னால் போனாள். பிறகு ஒன்பது பேரும், நானும். பாதி மிதித்த மிளகு களத்திலேயே கிடந்தது. ஒற்றை அறைக்குள் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் பட நின்றோம். கண் எரியும் அளவுக்கு மிளகு நெடி.

"என்னம்மா இத்தன பேரு?" என்று பாயிலிருந்து கேட்டாள் யமுனா.

"விருந்தாளிங்க கண்ணு. கொஞ்சம் ஒதுங்கிப் படு."

வேல்முருகன் பூட்டோடு வாசலில் வந்து நின்றான். வெளியிலிருந்து சந்தோஷ்குமாரின் சத்தம் வந்தது. "பூட்டுடா! எல்லாம் உள்ளயே கெடக்கட்டும்!"

"பூட்டறதுன்னாப் பூட்டு சாமி" என்றாள் ராமாயி. "நாளைக்கு உன்ற ஊட்டப் பூட்ட எவன் வருவான்னு மட்டும் நெனச்சுக்க."

அவன் பூட்டைக் கையில் புரட்டினான். இவன்தான் நேற்றுவரை நாங்கள் வெற்றிலை போட உட்கார்ந்தால் கத்திக்கொண்டிருந்தவன். போலீஸ் வரலாம், புல்டோசர் வரலாம். அது எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னொருத்தருக்கு எடம் இருக்குதுங்களா?" என்றான்.

"மேஸ்திரிக்கு நிக்கத்தான் எடம்" என்றாள் சுகுணா. "எங்களாட்டவே."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தான். ராமாயி அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டு, அவன் கையிலிருந்த பூட்டை வாங்கி உள்பக்கம் மாட்டிச் சாவியைத் திருப்பினாள்.