நின்று பார்த்த கூலி

வலது தோள் காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது. கொயிலாண்டிச் சந்தையில் ஒன்பது வருடம் சிமெண்ட் மூட்டை இறக்கிய தோள். இனிமேல் சுமக்காதே என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வலைத்தளம் செய்யப் படித்தேன். விலாசினி சேச்சியின் சங்கத்துக்கு, சிப்ஸ் வறுத்து விற்கும் பெண்கள் சங்கம், செய்தது முதல் வேலை. நாலு மணிக்கு வாசகசாலைத் திரையில் திறப்பு. பக்கத்து ஆறு சங்கத்துப் பெண்களும் பார்க்க வருகிறார்கள். தேறினால் அவர்கள் வேலையும் எனக்கு. தேறாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி மூட்டை.

பதினோரு மணிக்கு ஒத்திகை பார்க்கப் போனேன். என் மடிக்கணினியில் விண்டோஸ். வாசகசாலைக் கணினியில் லினக்ஸ். பக்கத்தைத் திறந்தேன். என்னிடம் ஒரே வரியில் அடக்கமாக நின்ற 'சர்க்கரை உப்பேரி' என்ற வெல்லச் சிப்ஸின் மலையாளப் பெயர் இங்கே அகன்று, இரண்டு வரியாக மடிந்து, விலையைக் கீழே தள்ளியிருந்தது. பெட்டிக்கு வெளியே போன விலை தெரியவில்லை. வாங்குவதற்கான பொத்தானும் இல்லை.

விலாசினி சேச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "என்னடா பிரசோபா, விலையையே காணோம்? சும்மா குடுக்கறோம்னு ஊரே சாக்கோட வந்து நிக்கும்."

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருந்துச்சு சேச்சி."

"அப்ப அதத் தூக்கிட்டு வீடு வீடாப் போய்க் காட்டு," என்றாள் ரம்லா. வாசகசாலைக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். என் வயதுதான், நாக்குக்கு மட்டும் வயது கூட.

திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீ போட்டிருக்கற எழுத்துரு விண்டோஸோட வர்றது. இதுல கிடையாது. இல்லாததக் கேட்டா மெஷின் கையில இருக்கறத எடுத்துப் போடும். அது கொஞ்சம் குண்டு. நீ பெட்டிய ஒட்டத் தச்சு வச்சிருக்க."

"என் எழுத்துருவ இதுல ஏத்திட்டாப் போச்சு." பென்டிரைவை எடுத்தேன்.

"நாளைக்கு வடகரையில ஒருத்தன் லினக்ஸ்ல திறப்பான். அங்கயும் சுமந்துட்டுப் போவியா? அதுவுமில்லாம அது கம்பெனிச் சரக்கு, நீ ஊருக்குப் பங்கு வைக்க முடியாது."

"சரி, நீயே வழி சொல்லு."

"மொதல்ல கூலி. பாத்துட்டேன்ல? நோக்குகூலி வை."

விலாசினி சேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. ஆறு வருடம் முன்பு ரம்லா வீடு கட்டியபோது தரை ஓடுகளைக் கிரேன் இறக்கியது. நாங்கள் நாலு பேர் கைகட்டி நின்று பார்த்தோம். பார்த்ததற்கு நோக்குகூலி என்று ஆயிரத்து இருநூறு வாங்கினோம். வாங்கும்போது வெட்கம் இல்லை. எங்கள் வேலையைத்தானே கிரேன் பிடுங்கியது என்றிருந்தோம்.

யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் மலையாள எழுத்துரு ஒன்றை ரம்லா காட்டினாள். அதைத் தளத்திலேயே வைத்தோம். இனி பக்கம் எங்கே போனாலும் தன் எழுத்தைத் தானே கொண்டுபோகும். எழுத்துரு வராமல் போனாலும் விலை ஒளியாதபடி, சொல் நீண்டால் பெட்டியும் நீளட்டும் என்று மாற்றினேன். மூட்டைக்குத் தக்க சாக்கு. இத்தனை வருடம் சுமந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றரைக்கு இரண்டு கணினியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். இரட்டைப் பிள்ளைகள் இல்லை; அக்கா தங்கை. ஆனால் விலை இருந்தது, பொத்தானும் இருந்தது.

நாலேகாலுக்கு எதிர் டீக்கடைக்காரர் ஹம்சா தன் போனிலிருந்து முதல் ஆர்டர் போட்டார், ரெண்டு கிலோ. கைதட்டினார்கள். ஆறு சங்கமும் திங்கட்கிழமை வரச் சொன்னது, மூட்டை இல்லாமல்.

செய்த வேலைக்கு ரம்லா கூலி வாங்கிக்கொண்டாள், மேலே ஒரு பொட்டலம் உப்பேரியும். "பழைய கணக்கு?" என்று கேட்டேன்.

"அது நிக்கட்டும். உன்ன மிரட்ட எனக்கு ஒண்ணு வேணும்."

அவள் வீட்டு ஓடுகளை நின்று பார்த்ததற்கு என் பங்காக வாங்கிய முந்நூறு ரூபாயை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.