ஆறுவிரல்காரியும் காது மிஷின்காரரும்

பல் டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோதுதான் பென்சில் அந்தப் படத்தைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த மங்கா என்கிற ஜப்பான் பாணிப் படக்கதைப் பத்திரிகையில், புதுத் தொடர் ஒன்றின் முதல் பக்கம். கவுண்டருக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். மூக்குக்கண்ணாடியை ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். காதுமடலில் துண்டுப் பென்சில். பின்னால் அலமாரி அலமாரியாகக் குடைகள். பேருந்து நிலையத்தில் பயணிகள் தொலைத்துவிட்டுப் போகும் பொருட்களைக் காப்பவள் அவள் என்று கட்டத்தின் மூலையில் எழுதியிருந்தது.

பென்சிலுக்குப் பல்வலி மறந்துபோனது. அது அவளுடைய ஆள்.

பென்சில் என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். அப்போது குச்சிபோல இருப்பாள். நாற்பதை நெருங்கி உடம்பு வைத்த பிறகும் பெயர் விடவில்லை. பிழைப்பும் பென்சிலோடு என்று ஆகிவிட்டதால் அவளும் அதை விடவில்லை, படத்திலும் அந்தப் பெயரில்தான் கையெழுத்து. மங்கா வரைவதுதான் தொழில். ஒரு தொடரை முடித்துவிட்டு அடுத்ததற்காக ஒன்பது மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒன்பது மாதத்தின் தொடக்கத்தில் அவள் எழுதிய முதல் வரைவில் இருந்தவள்தான் இந்தக் குடைக்காரி. பேருந்து நிலையத்துக்குப் பதில் ரயில் நிலையம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பொருளைத் தொட்டால் அதைத் தொலைத்தவர் யார், ஏன் தொலைத்தார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எடிட்டர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வயசுல ஒரு அம்மாவை மாசாமாசம் யாரு துரத்திப் படிப்பாங்க? கொஞ்சம் குறைங்களேன்."

குறைத்தாள். முப்பது, இருபத்தைந்து, கடைசியில் பதினெட்டு. பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கவுண்டரில் என்ன வேலை என்று கேள்வி வந்தது, அவளைத் திருடியாக்கினாள். திருடிக்குத் தொட்டால் தெரியும் சக்தி இருந்தால் ஆபத்தே இல்லையே என்றார் எடிட்டர். சக்தியைப் பிடுங்கி எதிரியிடம் கொடுத்தாள். ரயில் நிலையம் துறைமுகமானது. முதல் வரைவில் இருந்தவர்களில் ஏழாவது வரைவு வரை உயிரோடு வந்து சேர்ந்தது ஒரு பூனை மட்டும்தான், அதுவும் நிறம் மாறி.

அப்படிப் பார்த்துப் பார்த்துக் கழித்துப் போட்டவளை வேறு யாரோ எடுத்துவைத்து அழகு பார்க்கிறார்கள்.

அன்று காலை பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அன்று விடுமுறை.

"நம்ம வீட்டு விஷயம் வெளியில போகுது."

"எந்த விஷயம்?"

"குடைக்காரி."

"நீதான் அவளை வேண்டாம்னு விட்டுட்டியே."

"விட்டா? போறவங்க வர்றவங்க எடுத்துக்கலாமா?"

அவனைச் சந்தேகப்பட்டும் பயனில்லை. அவள் வரைவுகளைக் கையில் கொடுத்தால் மூன்றாவது கட்டத்திலேயே கொட்டாவி விடுகிற ஆள். முதல் வரைவை முழுதாகப் பார்த்தவர்கள் இரண்டே பேர்: எடிட்டர் ஒருவர், நாத்தனார் ஒருத்தி.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. மேல்மாடியில் தனியாக இருந்தாள். முப்பது வருஷம் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டவள். ஓய்வு பெற்றபின் தம்பி மனைவிக்குப் பின்னணி வரைந்து கொடுத்தாள். சுவர், படிக்கட்டு, ஜன்னல் எல்லாம் அவள் கை. ஒரு கோடு கோணலாகப் போகாது. வாய்ப்பேச்சும் அப்படித்தான், தேவைக்குமேல் ஒரு வார்த்தை வராது. இத்தனை நாள் அது பென்சிலுக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அதுவே உறுத்தியது. ஃபோன் வந்தால் ஏன் எழுந்து பால்கனிக்குப் போகிறாள்? கசக்கிப் போட்ட தாள் கூடையை ஏன் தினமும் தானே தூக்கிக்கொண்டு போகிறாள்?

எடிட்டர் மட்டும் என்ன, சுத்தமா? முன்பு வேலை பார்த்தது அந்த இன்னொரு பத்திரிகையில். கழித்த வரைவுகளைத் திருப்பிக் கேட்டால் "இருக்கட்டும், என்கிட்ட பத்திரமா இருக்கும்" என்பார். பத்திரமாக எதற்கு?

ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருவரையும் கவனித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. எட்டாவது வரைவை இரண்டு விதமாகப் போட்டாள். கதை ஒன்றுதான், திருடியைத் துரத்தும் எதிரி மட்டும் வேறு வேறு. நாத்தனாருக்கு வைத்த பிரதியில், பழைய பாலம் ஒன்றைக் காவல் காக்கும் ஆறுவிரல்காரி. எடிட்டருக்கு அனுப்பியதில், காது கேட்கும் மிஷினைத் தனக்கு வேண்டாதபோது அணைத்துவிடுகிற கிழவர். இருவருமே பொய் ஆள்கள். அரைமணி நேரத்தில் வாயில் வந்ததைப் போட்டுக் கிறுக்கியவர்கள். இவர்களில் யார் அந்தப் பத்திரிகையில் தலை காட்டுகிறாரோ, அவரை வைத்துத் திருடன் யாரென்று தெரிந்துவிடும்.

வலையை விரித்துவிட்டுக் காத்திருந்தாள். நடந்தது வேறு.

நான்காம் நாள் எடிட்டர் ஃபோன் செய்தார். வழக்கமாகப் பேச்சை இழுப்பவர், அன்று மூச்சு வாங்கினார்.

"அந்தக் காது மிஷின்காரர் எங்கேர்ந்து வந்தார்?"

"ஏன் கேட்கறீங்க?"

"அவரை எதிரியா வெச்சு வீணாக்காதீங்க. திருடி எதுக்கு? அவரையே மையமா வைங்க."

"வயசானவரை மாசாமாசம் யாரு படிப்பாங்க?"

"நான் படிப்பேன்," என்றார் எடிட்டர்.

இங்கே வீட்டில், கீழ் அறையின் சாய்வு மேஜையில் நாத்தனார் அளவுகோலுக்கு மேல் குனிந்திருந்தாள். பென்சில் எட்டிப் பார்த்தாள். ஆறுவிரல்காரியின் பாலம். கரட்டு வரைவுக்கு யாரும் மை போடுவதில்லை, இவள் போட்டிருந்தாள். வளைவுக்கு வளைவு, செங்கலுக்குச் செங்கல்.

"இதுக்கு இப்பவே எதுக்கு அண்ணி? மாறினாலும் மாறும்."

"இது மாறாது," என்றாள் நாத்தனார், தலை நிமிராமல்.

ஏன் இத்தனை அக்கறை? அங்கே கொடுப்பதற்குச் சுத்தமான பிரதி வேண்டுமோ? எடிட்டருக்கு ஏன் திடீரென்று இத்தனை பிரியம்? எதிராளிப் பத்திரிகைக்கே திரும்பிப் போவதற்கு முன்னால் கதை சேர்க்கிறாரோ? நல்ல வார்த்தை சொன்னாலும் சந்தேகம், சும்மா இருந்தாலும் சந்தேகம் என்று ஆகிவிட்டது. அடுத்த மாத இதழ் வந்ததும் வரிவரியாகத் துழாவினாள். ஆறுவிரலும் இல்லை, காது மிஷினும் இல்லை. குடைக்காரி மட்டும் சௌகரியமாகக் கவுண்டரில் சாய்ந்து நின்றாள்.

மை, நிப் விற்கும் கடைக்காரர்தான் முடிச்சை அவிழ்த்தார், தெரியாமலேயே. மெல்லிய நிப் இரண்டு டஜன் எடுத்து வைத்தபடி, "இந்த வகைக்கு ஊரிலேயே ரெண்டு பேர்தான். நீங்க ஒண்ணு, அந்தக் குடைக்காரி படம் போடறவர் ஒண்ணு. சரக்கு வர்ற அன்னிக்குக் காலையில கரெக்டா வந்துடுவார்," என்றார்.

அடுத்த சரக்கு வந்த அன்று பென்சில் கடை திறக்கும் முன்பே போய் நின்றாள். மணிக்கட்டில் பட்டை கட்டிய, மெலிந்த ஓர் ஆள் வந்தான். அவளைவிட நாலைந்து வயது சின்னவன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்கதானே குடைக்காரி வரையறது? அவளை உங்களுக்கு யார் கொடுத்தது?"

அவன் அவள் விரல்களில் இருந்த மைக் கறையைப் பார்த்தான். "நீங்க பென்சில் தானே? அதை நான் உங்களைக் கேட்கணும்."

"என்னையா?"

"உங்க பழைய தொடர்ல, சந்தைக் கூட்டத்துல ஒரே ஒரு கட்டத்துல ஒரு அம்மா நிக்கறாங்க. கண்ணாடி ஷூ லேஸ்ல தொங்குது. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. என் நோட்டை உங்களுக்குக் காட்டிட்டாள்னு என் தங்கச்சிகூட ஒரு மாசம் பேசலை."

பென்சிலுக்கு அப்படி ஒரு கட்டம் வரைந்ததே நினைவில்லை.

"அவங்களை நீங்க எங்க பார்த்தீங்க?" என்று கேட்டான் அவன்.

"பார்க்கலை. நானா யோசிச்சது."

"நான் பார்த்தேன். ஸ்டேஷன்ல, தொலைஞ்ச சாமான் கவுண்டர்ல. வரைஞ்ச படத்தைச் சுருட்டி வெச்ச குழாயை வண்டியிலயே விட்டுட்டேன். உள்ள என்ன படம்னு வரைஞ்சு காட்டினாத்தான் தருவேன்னு சொல்லிட்டாங்க. காதுலேர்ந்து பென்சிலை எடுத்துக் கொடுத்து..."

அவன் முடிப்பதற்குள் அவளுக்கு எல்லாம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வயது. அவளும் குழாயைத் தொலைத்திருந்தாள். ஈரக் குடைகளின் நாற்றம். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, படிவத்தின் பின்பக்கத்தில் குதிரை ஒன்றை வரைந்தாள். அந்தப் பெண் கண்ணாடியைத் தூக்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "குதிரைக்கு முழங்கால் இந்தப் பக்கமாவா மடங்கும்?" என்றாள். வரிசையே சிரித்தது. குழாய் கிடைத்தது. அவமானம் தாங்காமல் அந்த நாளையே மண்டையிலிருந்து துடைத்து எறிந்திருந்தாள். ஆள் மட்டும் உள்ளே தங்கி, பதினேழு வருஷம் கழித்துக் கற்பனை என்று பெயர் சொல்லிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள்.

"என்னையும் வரையச் சொன்னாங்க," என்றாள் பென்சில் மெதுவாக.

அவன் சிரித்தான். "அப்ப ரெண்டு பேருமே திருடினது அவங்ககிட்டதான்." பிறகு நிப்பை வாங்கிக்கொண்டு போனான். இனி தங்கையிடம் என்ன சொல்லப் போகிறான் என்று பென்சிலுக்குத் தோன்றியது. தான் யாரிடம் என்ன சொல்லப் போகிறோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நாத்தனார் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எடிட்டர் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிய பிரதி கூரியரில் வந்து, உறை பிரிந்து கிடந்தது. பக்கத்தில் அவளுடைய பிரதி. இரண்டையும் ஐந்தாம் பக்கத்தில் திறந்து, விளிம்போடு விளிம்பு ஒட்டிவைத்திருந்தாள்.

"ரெண்டு பேருக்கு ரெண்டு ஆளா?" என்றாள்.

பென்சில் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"குடைக்காரி விஷயத்தைத் தம்பி சொன்னான். கண்டுபிடிச்சிட்டியா, யாருன்னு?"

"யாரும் இல்லை அண்ணி. நானேதான் மறந்துட்டேன்."

"சரி." நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "என்னைச் சந்தேகப்பட்டது கூடப் பெரிசில்லை. பால்கனியில நின்னு பேசறேன். இங்க உள்ள டவர் கிடைக்காது. தாளெல்லாம் மேல கொண்டுபோறேன். பின்பக்கம் வெள்ளையா இருக்கு, நான் பழகிப் பார்க்கறேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அது போகட்டும். இல்லாத பாலத்துக்கு என்னை ஆறு நாள் செங்கல் வரைய விட்டியேம்மா. கண்ணை ரொம்ப வருத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும்."

குரலை உயர்த்தவே இல்லை. கோலையும் பேனாக்களையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கணவன் நடுவில் மாட்டிக்கொண்டு, மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினான். "லிஃப்ட்டு ரிப்பேர் ஆனா நான் பார்ப்பேன். இதை நீதான் பார்க்கணும்," என்று சொல்லிவிட்டான்.

பென்சில் அந்தப் பாலத்தை எடுத்துப் பார்த்தாள். இதுவரை வேவு பார்க்கிற கண்ணோடு பார்த்தாளே தவிர, படமாகப் பார்க்கவில்லை. மூன்றாவது வளைவுக்குக் கீழே தண்ணீர் கசிந்து பாசி படர்ந்திருந்தது. காவல் அறையின் வாசற்படி நடுவில் தேய்ந்திருந்தது. உள்ளே ஒரு முக்காலி, அவள் கேட்காதது. வருஷக்கணக்காக ஒருத்தி ஒருபுறமாகச் சாய்ந்து உட்கார்ந்ததுபோல அதன் ஒரு விளிம்பு மழுங்கியிருந்தது. அரைமணி நேரத்தில் கிறுக்கிய பொய் ஆளுக்கு நாத்தனார் குடியிருக்க இடம் கட்டிக் கொடுத்திருந்தாள்.

ஒன்பதாவது வரைவு அங்கிருந்துதான் ஆரம்பித்தது. திருடியை எடுத்துவிட்டாள், பூனையும் போனது. காது மிஷின்காரர் ஒரு மூட்டையோடு பாலத்துக்கு வருகிறார். ஆறுவிரல்காரி மூட்டையை அவிழ்க்கச் சொல்கிறாள். அவர் மிஷினை அணைத்துவிட்டு, காதில் விழாததுபோல் நிற்கிறார். அவளுக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை, அவருக்கும் அவள்மேல் இல்லை, ஆனால் ஆற்றில் வெள்ளம், இருவராலும் நகர முடியாது. அவ்வளவுதான் முதல் அத்தியாயம். எடிட்டர் ஒரு கட்டத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. அதோடு, கழித்த ஏழு வரைவுகளையும் தானே கொண்டுவந்து கொடுத்தார். "எட்டுத் தடவை கேட்டீங்க. நான் மறந்துட்டேன்னு நினைச்சீங்களா?" என்றார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்குமோ என்று பென்சில் அவர் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

பக்கங்களை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனவள், "தப்பு பண்ணிட்டேன் அண்ணி," என்பதற்கு மேல் பேச வரவில்லை. நாத்தனார் பக்கங்களை வாங்கி, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் படித்தாள். முக்காலி வந்த கட்டத்தில் கொஞ்சம் நின்றாள்.

"இவளை அதுல சரியா உட்கார வைக்கலை. சாய்வு இந்தப் பக்கம்," என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெட்டியோடு கீழே வந்தாள்.

தொடர் நான்காவது மாதமாக வந்துகொண்டிருக்கிறது. நாத்தனார் ஒருநாளும் பழையதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் புதிய பக்கம் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது நிஜமா?" என்று கேட்பாள்.

"நிஜம்தான் அண்ணி. இப்போதைக்கு."

"அப்ப பென்சில்ல போட்டு வைக்கறேன்," என்பாள். மை போடும் வேலை இப்போதெல்லாம் பென்சிலுடையது. செங்கலுக்குச் செங்கல் அவளே போடுகிறாள். ஒரு சுவருக்கு இரண்டு நாள் ஆகிறது.