நான்கு விரற்கடைத் துணி

கீழ்பென்னாத்தூரில் மகள் உம்மே ஹானி வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வஜீதா திரும்பி வந்தபோது பின்னறை பளிச்சென்று இருந்தது. தரையைக் கழுவி, ஒட்டடை அடித்து, தையல் மிஷினுக்கு எண்ணெய்கூடப் போட்டு வைத்திருந்தார் சாந்த் பாஷா. முப்பத்தொரு வருடம் பெங்களூர் ரூட்டில் பஸ் ஓட்டியவர், தை மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அதற்குப் பிறகு அவருடைய கைகளுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. வீட்டில் எதையாவது இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கும் ஆவலில் அறை வாசலிலேயே நின்றார்.

வஜீதா பர்தாவைக்கூடக் கழற்றவில்லை. அறையின் மேற்கு மூலையைப் பார்த்தாள்.

"மூட்டைங்க எங்கங்க?"

"அந்த வெட்டுத்துணியா? அருள்ராஜ் பட்டறைக்குக் குடுத்துட்டேன். இஞ்சின் தொடைக்கத் துணி வேணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தான். நாலு மூட்டை, நானே ஆட்டோல ஏத்திட்டுப் போய் போட்டுட்டு வந்தேன். ரூமு இப்பதான் ரூமு மாதிரி இருக்கு, பாரு."

வஜீதா அந்த வெற்று மூலை வரை போய்ப் பார்த்தாள். கையிலிருந்த பையை மிஷின் மேல் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். ஏதோ ஆகிவிட்டது என்பது மட்டும் சாந்த் பாஷாவுக்குப் புரிந்தது. பின்னாலேயே ஏறினார்.

மாடியில் பழைய சிமெண்ட் சாக்குகளில் மண் நிரப்பி அவள் வைத்திருந்த தோட்டம் மாலை வெயிலில் துவண்டு கிடந்தது. பாகலும் புடலையும் கம்பிப் பந்தலில் படர்ந்திருந்தன. வெண்டை முழங்கை உயரம் வந்திருந்தது. மண்ணின் ஈரம் காயாமலிருக்க ஒவ்வொரு சாக்கின் வாயிலும் பருத்தி வெட்டுத்துணியைப் பரப்பியிருந்தாள். தக்காளிச் செடிகளைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது பனியன் துணிக் கிழிசல். சணலால் கட்டினால் தண்டு அறுபடும். பனியன் துணி செடி பருக்கப் பருக்கத் தானும் நீண்டு கொடுக்கும். இரண்டு மாதமாகத் தினமும் இங்கே வந்து பல் துலக்குகிறவர்தான் சாந்த் பாஷா. அந்தத் துணிகள் எங்கிருந்து வருகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வஜீதா ஒரு சாக்கின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். "ஒரு வேளைதான் தண்ணி ஊத்தனீங்களா?"

"காலையில ஊத்தனேனே."

"பங்குனி வெயிலுக்கு ஒரு வேளை பத்தாது." வாளியை எடுத்து மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். நாலாவது சாக்குக்கு வரும்போதுதான், திரும்பாமலே, சொன்னாள். "அது குப்பை இல்லீங்க."

இருபத்தைந்து வருடமாக அவள் தைத்துக் கொடுத்த ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டை எடுத்து வைத்து வந்திருக்கிறாள். பத்து வருடம் கழித்து யாராவது ஜாக்கெட் இறுக்கமாகிவிட்டது என்று வருவார்கள். சுடிதாரில் ஆணி மாட்டிக் கிழிந்தது என்று வருவார்கள். கடையில் அதே துணி கிடைக்காது. வஜீதாவிடம் கிடைக்கும். ஒட்டுப் போட்டது போட்டவளுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனையோ டெய்லர் கடைகள் வந்த பிறகும் இந்தச் சந்துக்குள் தேடி வருகிறார்கள். இதையெல்லாம் அவள் நீட்டி முழக்கவில்லை. இரண்டு வரியில் சொன்னாள். மீதியைச் சாந்த் பாஷா தாமாகவே கோத்துக்கொண்டார்.

"நாளன்னிக்கு சந்திரகலா வரா," என்றாள்.

"யாரு, அடி அண்ணாமலை ஊரு அருணகிரி சம்சாரமா?"

"ஆமா. அபிநயாவுக்கு சித்திரையில கல்யாணம். அம்மா அவங்க கல்யாணப் பட்டுப்பொடவையையே கட்டிக்கிட்டு பக்கத்துல நிக்கணும்னு அந்தப் பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவளுக்கு வலது கை வீங்கிப் போச்சு. ஜாக்கெட்டு கையில ஏற மாட்டேங்குது. அது நான் தெச்ச ஜாக்கெட்டுதான். மிச்சத் துணி எங்கிட்ட இருக்கு, கவலப்படாம வாடின்னு நாந்தான் சொன்னேன்."

சாந்த் பாஷா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எதிரே மலை, பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பி ஊதிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு. இது உங்க காதோட இருக்கட்டும். ஆபரேஷன்ல அவளுக்கு மார்ல ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அதுக்கு உள்ள வெக்கறது நான்தான் தெச்சுத் தரேன், ஒரு வருஷமா. கடையில விக்கறது அவளுக்கு வேர்த்துப் புண்ணாவுது. பத்து வாட்டி தொவச்ச பருத்திதான் ஒத்துக்குது. அந்தத் துணியும் அந்த மூட்டையிலதான் இருந்தது."

அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் விடுமுறையில் வீட்டிலிருந்த ஒரு மதியம், மடியில் உள்ளங்கை அளவு வட்டமாக எதையோ வைத்து வஜீதா தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். ஊசி குத்தி வைக்கும் மெத்தையோ என்னவோ என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார். மார்கழியில் மூன்று சாக்கில் அவள் கடுகு விதைத்தபோது, "கடுகு கடையில கெடைக்கலியா?" என்று சிரித்தும் இருக்கிறார். அதன் காரணத்தை இப்போதுதான் சொன்னாள். பஞ்சு மட்டும் வைத்தால் கனம் இல்லாமல் மேலே ஏறிக்கொள்ளும். மறுபக்கத்துக்குச் சமமாக நிற்க உள்ளே ஒரு பிடி கடுகு வேண்டும். கடைக் கடுகில் கல் இருக்கும், உறுத்தும் என்று, தானே விளைவித்துப் புடைத்துக் காயவைத்து எடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வேட்டவலம் ரோட்டில் அருள்ராஜின் பட்டறை வாசலில் நின்றார். லாரிக்கு அடியிலிருந்து அருள்ராஜ் வெளியே நகர்ந்து வந்தான். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"இன்னா பாய், காலங்காத்தாலயே?"

விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான். "பருத்தியெல்லாம் ஆயிப்போச்சே பாய். ரெண்டு லாரி இஞ்சின் எறக்கனோம். அதோ கெடக்குது பாருங்க."

சக்கரத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு குவியல். அதில் ஒரு துண்டில் மட்டும் நீலக் கட்டம் கொஞ்சம் தெரிந்தது. உம்மே ஹானியின் பள்ளிக்கூடச் சீருடை. கையில் எடுத்தார். எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. கீழே வைத்துவிட்டார்.

"பட்டு?"

"பட்டு, பாலிஸ்டர்லாம் எண்ணெய இழுக்காது பாய். ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு செவுத்தோரம் தள்ளிட்டேன்."

பழைய டயர்களுக்குப் பின்னால் அது மலை போலக் கிடந்தது. சாந்த் பாஷா குந்தி உட்கார்ந்தார். சில கட்டுகள் இன்னும் நூல் அவிழாமல் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெயர், ஒரு வருடம். தேவிப்ரியா. ராணியம்மாள் டீச்சர். இனியா, காதுகுத்து. அவர் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போன ஊர்ப் பெண்களெல்லாம் அங்கே விரலளவு துண்டுகளாக இருந்தார்கள். யாருக்கு எப்போது கல்யாணம், யாருக்கு வளைகாப்பு, யார் எந்த வருடம் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள் என்பதையெல்லாம் கட்டுக் கட்டாகப் போட்டு வைத்திருந்திருக்கிறாள். எட்டு மணிக்கு வெயில் முதுகில் ஏறியது. அவிழ்ந்து போன குவியலில் சிவப்பிலும் அரக்கிலும் ஒன்பது துண்டுகள் கிடைத்தன. ஓரத்து மை மங்கிப்போய், எது சந்திரகலாவுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அள்ளி மூட்டை கட்டினார்.

"அக்கா திட்டுனாங்களா பாய்?" என்றான் அருள்ராஜ், மூட்டையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தபடி.

"திட்டலப்பா. திட்டியிருந்தா பரவால்ல."

வஜீதா ஒன்பது துண்டுகளையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒவ்வொன்றாக உருட்டினாள். கண் வேறெங்கோ இருந்தது. ஏழாவது துண்டில் விரல் நின்றது. "இதான்," என்றாள். நான்கு விரற்கடை அகலம், ஒரு சாண் நீளம். அதைத் திருப்பிப் பார்த்தார் சாந்த் பாஷா. ஓரத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு மங்கிப்போன மையில் 'சந்திரா' என்று இருந்தது. முப்பது வருடம் டீசல் மணத்திலேயே எந்த இஞ்சினுக்கு என்ன கோளாறு என்று சொன்னவர் அவர். அந்தக் கைகளைப் பார்க்கும்போது தம்முடைய வித்தை ஒரு சுற்றுக் குறைவு என்றே அவருக்குத் தோன்றியது.

பருத்திக்கு என்ன செய்வது என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை. மதியத் தொழுகை முடித்து எழுந்தவள், தலையில் போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டாவை எடுத்து மடித்து, கன்னத்தில் ஒருமுறை ஒற்றிப் பார்த்தாள். துவைத்துத் துவைத்துப் பால் ஆடை போல ஆகியிருந்தது அது. பிறகு மிஷின் பலகையில் விரித்து, கத்தரிக்கோலை வைத்தாள்.

"வஜீதா, அது..."

"வேற இருக்குங்க." கத்தரி ஓடும் சத்தம் நிற்கவேயில்லை.

மறுநாள் சந்திரகலா வந்து ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். துண்டை அதன்மேல் வைத்துப் பார்த்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. போட்டும் துவைத்தும் வெளுத்த ஜாக்கெட் பழுத்த மாதுளைத் தோல் போல இருந்தது. இருட்டில் கிடந்த துண்டோ நேற்றுத் தறியிலிருந்து இறக்கியது போல அடர்ந்திருந்தது. தைத்தால் தனியாகத் தெரியும்.

வஜீதா இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். "வெயில்ல வெளுக்கணும். ஈரம் பண்ணிக் காயவெச்சு, மறுபடி ஈரம் பண்ணி. பக்கத்துலயே இருந்து ஜாக்கெட்டோட ஒத்துப் பாக்கணும். கொஞ்சம் ஜாஸ்தியாச்சுன்னாலும் போச்சு. வேற துண்டு கெடையாது."

"நான் பாத்துக்கறேன்," என்றார் சாந்த் பாஷா.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை நீண்டது. "சரி," என்றாள்.

மூன்று நாள் அவர் மாடியில் இருந்தார். பாகற்பந்தலின் நிழலில் ஒரு முக்காலி. முன்னால் வெயிலில் ஒரு தட்டு, தட்டில் அந்தத் துண்டு. அரை மணிக்கு ஒருமுறை திருப்பிப் போட்டார், தண்ணீர் தெளித்தார், நிழலில் துணி மூடி வைத்திருந்த ஜாக்கெட்டின் ஓரத்தை மட்டும் வெளியே இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐம்பத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி தாண்டிப் போனபோதுகூட இப்படி நெஞ்சு அடித்ததில்லை. முதல் நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாம் நாள், அரக்கு என்று தாம் ஒரே சொல்லில் சொல்லிவந்த நிறத்துக்குள் எத்தனை நிறங்கள் என்று கண் தானாகவே பிரிக்கத் தொடங்கியது. காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, ஈரத்தில் ஒன்று. நடு நடுவே எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையிலும் ஊற்றினார், மாலையிலும் ஊற்றினார். வெண்டையில் மஞ்சள் பூ ஒன்று திறந்ததைப் பார்த்தார். தக்காளித் தண்டில் அவள் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்து, அதே மாதிரி கட்ட முயன்று, நாலாவது தடவையில் கட்டினார்.

மூன்றாம் நாள் பதினொன்றரை மணிக்கு வஜீதா மேலே வந்தாள். "ஆச்சா?"

"நீ பாத்து சொல்லேன்."

"எனக்கு ஊசி முனையைப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு. மூணு நாளா பாக்கறது நீங்கதான். நீங்க சொல்லுங்க."

அவர் துண்டைத் துடைத்து ஜாக்கெட் கையின்மேல் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். இன்னும் ஒரு தடவை தண்ணீர் தெளிக்கலாமா என்று கை தட்டுக்குப் போய் நின்றது.

"போதும்," என்றார்.

அவள் துண்டையும் ஜாக்கெட்டையும் சேர்த்து மடித்தாள். எடுத்துக்கொண்டு கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சந்திரகலா போட்டுப் பார்க்க வந்தபோது அவரை மாடிக்கு அனுப்பிவிட்டாள் வஜீதா. கீழே பின்னறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. சாந்த் பாஷா ஏற்கெனவே ஊற்றிய சாக்குக்கே மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தைத்தது பிடிக்கவில்லையோ, கை இன்னும் ஏறவில்லையோ, நிறம் தெரிந்துவிட்டதோ. திடீரென்று கீழே ஒரு சிரிப்பு. அடக்க முடியாமல் வரும் சிரிப்பு. அதோடு வஜீதாவின் சிரிப்பும் சேர்ந்துகொண்டது. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

சற்றைக்கெல்லாம் படிக்கட்டின் கீழிருந்து சந்திரகலாவின் குரல் வந்தது. "பாய், மேலதான் இருக்கீங்களா? கலரு சரி பண்ணது நீங்கதானாமே, அக்கா சொன்னாங்க! எந்த எடத்துல ஒட்டுன்னு எனக்கே தெரியல போங்க!"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார். மூட்டைகளைப் பட்டறையில் போட்டதும் அவர்தான் என்பதை வஜீதா சொல்லவேயில்லை என்று அப்போது தெரிந்தது.

சித்திரையில் முதல் முகூர்த்தம். கிரிவலப் பாதையோரத்து மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அபிநயாவுக்குப் பின்னால் சந்திரகலா நின்றாள். அரக்குப் பட்டு. தோள் இரண்டும் ஒரே மட்டத்தில், கழுத்து நிமிர்ந்து. வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடும்போதெல்லாம் ஒரு வருடமாக முந்தானைக்குள்ளேயே இருந்த வலது கை தாராளமாக வெளியே வந்தது.

மேளம் வேகமெடுத்தது. எல்லாரும் எழுந்தார்கள். சந்திரகலா தட்டிலிருந்து வலது கையால் அட்சதையை அள்ளினாள். கை தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, முழு நீளத்துக்கு மேலே போனது. சாந்த் பாஷா தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. அந்தக் கையின் தையலோரம் நான்கு விரற்கடைத் துணியைத் தேடினார். அவர் கண்ணுக்கும் அது அகப்படவில்லை. பக்கத்தில் வஜீதா அதையெல்லாம் பார்க்கிறவளாகத் தெரியவில்லை; கால் பெருவிரலை ஊன்றி எம்பி, முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கு மேலே, தன் கையிலிருந்த மஞ்சள் அரிசியைப் பெண்ணின் மேல் போய் விழும்படி பலமாக வீசினாள்.