பழுப்புத் தாளில் ஒரு கேள்வி

என் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும். தையல் கடை நடத்துகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது என்று நானும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள்தான்.

போன வருடம் பக்கத்துத் தெருவில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கர்ப்பமாகிப் பள்ளியை விட்டு நின்றாள். செய்தி வந்த அன்று, மெஷினை மிதித்துக்கொண்டே என் மகளிடம் சொன்னேன், இந்த வீட்டில் அப்படி ஏதாவது என் காதில் விழுந்தால் அன்றோடு படிப்புக்கு முழுக்கு என்று. பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டினாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் சுகாதார நிலையத்து நர்ஸ், சமூகக் கூடத்தில் சனிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தார். பிள்ளைகள் ஒரு பக்கம், பெற்றவர்கள் ஒரு பக்கம். பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி வெள்ளைச் சீட்டு, முந்தின வாரமே வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மடித்துப் பெட்டியில் போட வேண்டும். உடம்பைப் பற்றிய கேள்விக்கு நர்ஸே பதில் சொல்வார். வீட்டைப் பற்றியது என்றால் எங்களில் யாராவது எழுந்து சொல்ல வேண்டும். யார் எழுதியது என்று மட்டும் கேட்கவே கூடாது. அதற்குக் கையெழுத்தே போட்டிருந்தோம்.

மூன்று வாரம் நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலி பஸ் டிரைவர் குறட்டையே விட்டார்.

நான்காவது வாரம் நர்ஸ் கையில் ஒரு பழுப்புச் சீட்டு வந்தது.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. துணி வெட்டுவதற்கு முன்னால் நான் அளவு வரைகிற தாள் அது. சட்டைக் கழுத்துக்காக நான் போட்ட நீலப் பென்சில் வளைவு பின்பக்கம் தெரிந்தது. அறிவுகெட்டவள், வெள்ளைச் சீட்டைத் தொலைத்துவிட்டுக் கைக்குக் கிடைத்ததில் எழுதி மாட்டிக்கொண்டாளே என்று பல்லைக் கடித்தேன்.

நர்ஸ் படித்தார்: "அவன் தனியா வரச் சொல்றான். வரலைன்னா இனிமே பேச மாட்டானாம். எனக்குப் போக இஷ்டமில்ல, பயமா இருக்கு. வீட்ல சொன்னா படிப்பை நிறுத்திடுவாங்க. நான் யார்கிட்ட சொல்றது?"

யாரும் எழவில்லை. மகள் இருந்த பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பினால் கேட்டதற்குச் சமம். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, ஏறிய வேகத்திலேயே இறங்கியும் போனது. போக இஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறாள். அவள் வயதில் எனக்கு அப்படி ஒரு வரி எழுத வந்திருக்காது. நான் பெற்ற பிள்ளைதானா என்று மலைத்துப்போனேன்.

என்னை அறியாமல் எழுந்து நின்றேன்.

"அம்மாகிட்ட சொல்லு," என்றேன். "படிப்பை நிறுத்த மாட்டா. முன்னாடி அப்படிச் சொல்லியிருந்தா அது தப்பு. முதல்ல கத்துவா, அவ வாய் அப்படி. கத்தி முடிச்சதும் உக்காந்து கேப்பா. இஷ்டமில்லாத இடத்துக்கு நீ போக வேணாம். பேசாட்டி போறான், விடு. ஏற்கெனவே போயிருந்தாலும் வந்து சொல்லு, ரெண்டு பேருமா நர்ஸம்மாகிட்ட போவோம்."

போவோம் என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். டிரைவர் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆனால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் அடுத்த சீட்டை எடுத்தார்.

திரும்பும் வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு தூரம் பேசாமல் நடந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கடைக் கதவைத் திறந்ததும் மகள் பையிலிருந்து எதையோ எடுத்து மெஷின் மேல் வைத்தாள். ஒன்றும் எழுதாத வெள்ளைச் சீட்டு.

"தொலைக்கலம்மா," என்றாள். "உனக்குத் தெரியணும்னுதான் அந்தத் தாள்ல எழுதினேன்."

இத்தனை நாள் இவளை எதுவும் தெரியாத பிள்ளை என்று நினைத்திருந்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கத்தறதுன்னா இப்பவே கத்திடு. அப்புறம் பேசலாம்."

வாயைத் திறந்தேன். கத்த வரவில்லை. நானும் உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா," என்றேன். "நான் கேக்கறேன்."