மெரூன் பட்டன்

“இன்னாமே, சட்டைக்குப் பட்டன் வெக்கச் சொன்னா கொடி ஏத்தி வெச்சிகீற?”

“வெள்ளப் பட்டன் இல்ல. மெர்லினோட பழைய யூனிபாரத்துல இருந்து எடுத்தேன். மெரூன் நல்லாத்தான் கீது.”

“எல்லாம் வெள்ள, நடுவுல ஒண்ணு மட்டும் மெரூன். பாக்கறவன் சிரிப்பான்.”

“இப்ப மட்டும் சிரிக்காமலா கீறாங்க? நீயும் உன் தம்பியும் ஒரே துணியில சட்ட போட்டுக்கினு கோயில்ல நின்னா, பேண்டு செட்டுக்காரங்க வந்துட்டாங்கன்னு நெனைக்கிறாங்க. இனிமே எது உன் சட்டன்னு எனக்காவது தெரியும்ல.”

“இது இன்னா, நூலா கம்பியா? கைய அறுக்குது.”

“நூல் தீந்துட்ச்சி. உங்க நைனா பொட்டியில வல பின்ற நைலான் இருந்துது. சட்ட கிழிஞ்சாலும் பட்டன் வராது.”

பிராங்கிளின் சிரித்துக்கொண்டே அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான். முகத்துவாரக்குப்பத்தில் ஒரு தோஸ்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நண்டோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். ஃப்ளோரன்ஸ் மசாலா அரைத்து வைத்தாள். அவன் தோஸ்து வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை, ராயபுரத்துக்கும் திரும்பவில்லை.

மூன்று வருடங்களாக அந்தப் பேச்சை அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு சொல்கூட சண்டையாக இல்லை. ஆனால் ஊரே, அவளுடைய நாக்குக்குப் பயந்துதான் புருஷன் ஓடிப்போனான் என்று பேசிக்கொண்டது. அப்படிச் சொன்னவர் அகக்கண் ஜோதிராஜ்.

திருவொற்றியூரில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் ஜோதிராஜின் ஸ்டூடியோ இருந்தது. உள்ளூர் கேபிளில் வாரம் ஒரு நாள் சாயங்காலம் நேரடியாக உட்காருவார். காணாமல் போனவர் கடைசியாகப் போட்டுக் கழற்றிய துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை நெஞ்சோடு வைத்துக் கண்ணை மூடி, ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்வார். அவருக்குப் பின்னால் சிலுவையும் வேலும் பிறையும் ஒரே சுவரில் மின்னும். எந்த வீட்டுக் கண்ணீரும் அங்கே வந்து சேரத் தடையில்லை.

பிராங்கிளின் காணாமல் போன மறு வாரம், அவனுடைய அம்மா சிலுவையம்மாள் அங்கே ஓடினாள். பித்துப் பிடித்தவள் மாதிரி கொடியில் தொங்கிய நீலக் கட்டச் சட்டையை உருவிக்கொண்டு போனாள். ஃப்ளோரன்ஸ் அப்போது காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். மகன் எந்தச் சட்டையோடு புறப்பட்டான் என்று கேட்கக் கிழவிக்குத் தோன்றவில்லை. கிறிஸ்மசுக்கு ஒரே துணியாக எடுத்து இரண்டு மகன்களுக்கும் தைத்துக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். கொடியில் இருந்தது இளையவன் லியோனார்டின் சட்டை.

ஜோதிராஜ் அந்தச் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். “உயிரோட இருக்காரும்மா. வடக்க இருக்காரு. ஒரு பொம்பள கூட இருக்காரு. வீட்டுல ஒருத்திக்கு நாக்கு நீளம், அதான் போயிட்டாரு. தானா வருவாரு. ஒண்ணு மட்டும் சொல்றேன். பொணம் கெடக்கு, வந்து பாருன்னு எவன் கூப்ட்டாலும் போயிடாதீங்க. போனா அவரு ஆயுசு அறுந்துடும்.”

நாலாம் நாளே வடக்கே ஒரு காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. வள்ளூர் பக்கம் உப்பங்கழியில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது, நீலக் கட்டம் போட்ட சட்டை, வந்து அடையாளம் பாருங்கள் என்றார்கள். சிலுவையம்மாள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். “இந்த வூட்ல இருந்து ஒரு காலு வெளிய போச்சின்னா எம்புள்ளைய கொன்னா மாதிரி. அந்தத் துணி ராயபுரத்துல பாதிப் பேரு போட்டுகினு கீறான்.”

லியோனார்டு தயங்கி நின்றான். ஃப்ளோரன்ஸுக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. அந்த உடலைத் தேடி யாருமே போகவில்லை.

உடம்பு தேறியதும், வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் தனியாகப் போனாள். அதற்குள் அனாதைப் பிணம் என்று புதைத்துவிட்டிருந்தார்கள். துணியை மட்டும் ஒரு சாக்குப் பையில் வைத்திருந்தார்கள். நிலைய ஏட்டு அதைப் பிரித்துக் காட்டினார். உப்பில் வெளுத்து, பாதி கிழிந்து, கட்டம் மங்கிப்போன ஒரு சட்டை. வெள்ளைப் பட்டன்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நடுவில் மெரூன் பட்டன் மட்டும் நைலானில் இறுகி அப்படியே இருந்தது. அவள் அழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டு என்ன நினைத்தாரோ, பிளேடால் அந்த நைலானை அறுத்துப் பட்டனை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

புதைத்த இடத்தையும் காட்டினார்கள். முள்செடிகளுக்கு நடுவே மேடும் பள்ளமுமான மண். எந்த மேடு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சிலுவையம்மாள் மகனுடைய தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தினமும் செய்வாள். எப்படிச் சொல்வது? கூப்பிட்டபோது போகவிடாமல் தடுத்தது நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை சிலுவையம்மாள் கோயிலில் தன் வேண்டுதலைப் பூசைக் கருத்தாக எழுதிக் கொடுப்பாள். பூசைக்கு முன்னால் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள்: “பிராங்கிளின் நலமுடன் வீடு திரும்ப வேண்டி, தாயாரும் குடும்பத்தாரும்.” கிழவி கையைக் குவித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்தில் முட்டி போட்டிருக்கும் ஃப்ளோரன்ஸின் தொண்டையில் ஒரு வேண்டுகோள் முள்ளாகக் குத்தும். விழுங்கிவிட்டு எழுந்து வருவாள்.

அந்த முள்ளைப் பிடுங்கி ஜோதிராஜின் தொண்டையில் குத்த வேண்டும் என்று அவள் முடிவு செய்தது மகள் மெர்லினால்தான். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, “மம்மி, டாடி கூட இருக்கற அந்தம்மாவுக்குப் பாப்பா கீதா?” என்று கேட்டது குழந்தை. ஜோதிராஜ் தன்னுடைய ‘வெற்றிகளை’ எல்லாம் சேர்த்து சிடி போட்டு விற்றுக்கொண்டிருந்தார். கேபிளில் அதற்கு தினமும் விளம்பரம். அதில் சிலுவையம்மாள் அழும் காட்சிதான் முதலில் வரும்.

ஃப்ளோரன்ஸ் அந்த சிடியை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். நெஞ்சோடு அணைத்த சட்டையை ஜோதிராஜ் கேமரா முன்னால் விரித்துக் காட்டும்போது ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள். மேலிருந்து கீழ்வரை எல்லாம் வெள்ளைப் பட்டன். அன்றிலிருந்து அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆண்டு விழா என்று கேபிள்காரர்கள் வந்து நின்றார்கள். ஐயாவால் ஆறுதல் அடைந்தவர்கள் நேரடி நிகழ்ச்சியில் சாட்சி சொல்ல வேண்டுமாம். சிலுவையம்மாளுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. “நீ போ ஃப்ளோரா. எம்புள்ள பேரை ஊரு கேக்கச் சொல்லிட்டு வா” என்றாள்.

“சொல்றேன் அத்தே” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

லியோனார்டிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். பிறகு பெட்டியைக் குடைந்து, அன்று அம்மா திருப்பிக் கொண்டுவந்திருந்த தன் சட்டையை எடுத்தான். தொப்பை வைத்துவிட்டதால் பட்டன் போடவே மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“அண்ணி, மேடையிலயே ரெண்டு வுடட்டுமா அவன?”

“நீ வாயே தொறக்காத. சட்டைய மாட்டிக்கினு நில்லு. மூச்சு மட்டும் வுட்டுடாத, பட்டன் தெறிச்சுடும்.”

புறப்படும் முன்னால் டிவிக்குப் பின்னால் கைவிட்டு கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டாள். “லைன் இல்ல அத்தே, நாளைக்கு சரி பண்ணுவாங்க.” அடுத்த வீட்டு சாபிராவின் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது அவள் காதில் விழாமல் இல்லை.

ஸ்டூடியோவில் காணாமல் போனவர்களின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு ஜனம் நிறைந்து கிடந்தது. ஜோதிராஜ் ஃப்ளோரன்ஸைக் கைகூப்பி வரவேற்றார். பழைய காட்சியைத் திரையில் ஓடவிட்டார்கள்.

“சொல்லும்மா. உன் மாமியாருக்கு அன்னைக்கு நான் சொன்ன வார்த்தைதானே இன்னைக்கு வரைக்கும் தெம்பு?”

“அத்த அப்படியே நிறுத்தச் சொல்லுங்க ஐயா. சட்ட தெரியுது பாருங்க. அது எம்புருசன் சட்ட இல்ல.” திரும்பிப் பார்த்தாள். “எந்திரி லியோனார்டு.”

லியோனார்டு எழுந்தான். அதே கட்டம், அதே பட்டன்கள், வயிற்றில் பிதுங்கிக்கொண்டு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஜோதிராஜ் அசரவில்லை. கண்ணை மூடினார், திறந்தார். “பாத்தீங்களா? சட்டைக்காரன் உயிரோட இருக்கான்னு சொன்னேன். இதோ உயிரோட நிக்கறான். நான் சொன்னது தப்பா?”

கைதட்டல் எழுந்தது. ஒருவன் விசிலே அடித்தான்.

“பொம்பள கூட கீறான்னியே, அது?” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

“அத அவன்கிட்ட கேளும்மா. முழிக்கறத பாரு!”

சிரிப்பு அலையாக வந்தது. லியோனார்டு வாயைத் திறக்கப் போனான், ஒரு பட்டன் தெறித்து மேடையில் உருண்டது. சிரிப்பு இன்னும் கூடியது. இத்தனை நாள் கூர் தீட்டிய கத்தி கையிலேயே மழுங்கிப்போனதை ஃப்ளோரன்ஸ் உணர்ந்தாள். இதையும் வெட்டிச் சேர்த்து அடுத்த சிடியில் விற்பான்.

அவள் பர்ஸைத் திறந்து மெரூன் பட்டனை எடுத்து அவர் முன்னாலிருந்த மேஜையில் வைத்தாள்.

“இது எம்புருசன் சட்டையில நான் தச்சது. பொணத்துமேல இருந்து அறுத்துக் குடுத்தாங்க. எடு ஐயா. மார்ல வெச்சி சொல்லு, எங்க கீறாருன்னு.”

சிரிப்பு அடங்கியது. ஜோதிராஜ் பட்டனைப் பார்த்தார். தொடவில்லை.

“எடுய்யா. அன்னைக்கு மாறிப்போன சட்டைக்கே அவ்ளோ பேசின. இது அசல்.”

“இந்தாம்மா, இது அதுக்கான நேரமில்ல...”

“வந்து பொணத்தப் பாருன்னு ஸ்டேசன்ல கூப்ட்டாங்க. போனா ஆயுசு அறுந்துடும்னு இதே சேர்ல ஒக்காந்து சொன்ன. நாங்க போவல. எம்புருசன் அங்க பனிக்கட்டியில, எவனாவது வருவானான்னு கெடந்தாரு. யாரும் வரலன்னு அனாதன்னு எழுதிப் பொதச்சாங்க. பெத்தவ கீறா, பொண்டாட்டி கீறா, தம்பி கீறான், புள்ள கீறா. அனாத!”

ஜோதிராஜின் குரல் தாழ்ந்தது, ஆனால் மைக் அதை எடுத்தது. “ஒரு தாய்க்கு நம்பிக்கை குடுத்தேன். அதுல என்ன பாவம்? நீ இப்ப இன்னா குடுக்கற அந்தக் கெழவிக்கு?”

அந்தக் கேள்வி அவளைத் தைத்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. “எங்களுக்கு நம்பிக்கை வேணாம்யா. ஒரு பொட்டி, ஒரு குழி, மேல ஒரு செலுவ. அவ்ளோதான் வேணும். அத்த நீ தின்னுட்ட.”

மடியில் படங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண் எழுந்தாள். ஜோதிராஜின் மேஜையிலிருந்து தன் மகனுடைய சட்டையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். “எங்களையும் மார்ச்சுவரிக்குப் போவ வேணாம்னு சொன்னியேய்யா” என்றாள். அடுத்தவர் எழுந்தார். விளக்குகள் அணைந்தன. நேரடி நிகழ்ச்சிக்கு நடுவே நகைக்கடை விளம்பரம் ஓடத் தொடங்கியது. மேஜையைச் சுற்றி ஜனம் மொய்த்தது. நடுவில் ஜோதிராஜ் நாற்காலியோடு நாற்காலியாக ஒடுங்கிப்போயிருந்தார். ஃப்ளோரன்ஸ் அந்த முகத்தை அவசரமில்லாமல், வயிறு நிறைய, பார்த்தாள். பிறகு பட்டனை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் சிலுவையம்மாள் இல்லை. அடுத்த வீட்டு வாசலில் சாபிரா நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “முட்டி வலியோட செவுத்த புடிச்சிகினு வந்துட்டாங்கக்கா. மருமவ டிவில வரான்னு... நான் ஆஃப் பண்ணப் போனேன். கைய தட்டி வுட்டுட்டாங்க.”

உள்ளே சிலுவையம்மாள் விளம்பரம் ஓடும் டிவிக்கு எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தாள். மருமகளைப் பார்த்ததும் கையை நீட்டினாள். ஃப்ளோரன்ஸ் பட்டனை அதில் வைத்தாள். கிழவி விரலால் தடவினாள். துளைகளில் நைலான் மிச்சம் குத்தியது.

“எங்க ஊட்டுக்காரரு வல நைலானு.”

“ஆமா அத்தே.”

“எவ்ளோ நாளா தெரியும்?”

“அந்தக் காய்ச்சல் வுட்டதுல இருந்து.”

“வாசல்ல நான்தான் ஒக்காந்தேன்.” வேறு யாரையோ பற்றிப் பேசுவது போலச் சொன்னாள். ஃப்ளோரன்ஸ் இல்லை என்று சொல்லவில்லை. வயரைப் பிடுங்கியவள்தான், சாபிராவின் டிவியை நிறுத்தச் சொல்லாமல் விட்டதும். ஜோதிராஜுக்கு வைத்த கத்தியில் ஒரு நுனி இந்தக் கிழவிக்கும் இருந்தது என்பது இப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சிலுவையம்மாள் நிமிர்ந்தாள். கண் உலர்ந்திருந்தது. “விளம்பரம் போட்டுட்டானுங்க. அதுக்கப்புறம் அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சி?”

“பேய் அறைஞ்ச மாதிரி அத்தே.”

“ஜனங்க வுட்டாங்களா அவன?”

“வுடல. சுத்தி நின்னாங்க.”

“நல்லா வேணும்.” பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். “நல்லா வேணும் அந்தப் பொறுக்கிக்கு.” பிறகுதான் அவள் தோள்கள் குலுங்கின. ஃப்ளோரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் அப்படி உட்கார்ந்ததில்லை. சாபிரா டிவியை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

அழுகை ஓய வெகு நேரமாயிற்று. பட்டனை மூடிய கையைக் கிழவி திறக்கவே இல்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் தொண்டையில் நின்றதை ஃப்ளோரன்ஸ் சொன்னாள்.

“அத்தே, நாளனிக்கு மொத வெள்ளி. இந்த வாட்டி கருத்த மாத்திக் குடுக்கலாம். ‘வீடு திரும்ப’ வேணாம். ‘பிராங்கிளின் ஆத்துமா இளைப்பாற’ன்னு படிக்கச் சொல்லணும் அத்தே.”