மெயினை அணைத்தவன் எழுதுகிறேன்

1

இந்தக் கதை பிறக்கக் காரணம் நான் செய்த ஒரு காரியம். அதைச் சொல்ல மனமில்லாமல் முதல் வரைவை இப்படித் தொடங்கினேன்:

‘மெஷினுக்குப் பேட்டரி மாற்ற வந்த எலக்ட்ரீசியன் மீசையைத் தடவியபடி...’

(அடித்துவிட்டேன். எலக்ட்ரீசியன் என்று யாரும் வரவில்லை. பழியைப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது, மீசையோடு ஒருவரைப் பிடித்து வந்தேன்.)

2

உண்மை இது. என் தங்கை பட்டறை போட்டு மூன்று வாரம். ஒரே மெஷின்: எண்களைத் தட்டிவிட்டால் இரும்பைத் தானே கடையும் கம்ப்யூட்டர் லேத். முதல் ஆர்டர்: இருபது பம்பு ஷாஃப்ட். மாலை நான்கு மணிக்கு வண்டி வரும். கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

காலையில் அவள் இரும்பு எடுக்கப் போயிருந்தாள். திரையில் பேட்டரி எச்சரிக்கை மின்னியது. உதவலாமே என்று மெயினை அணைத்தேன், பேட்டரியைக் கழற்றினேன், அதே மாதிரி ஒன்று வாங்கக் கடைக்குப் போனேன். வீட்டில் பல்பு மாற்றினால்கூட மெயினை அணைக்கிறவன் நான்.*

* இந்த மெஷினில் எல்லாம் தலைகீழ். மின்சாரம் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். மெயின் அணைந்திருக்கும்போது அதன் நினைவைக் காப்பதே அந்தப் பேட்டரிதான்.

3

திரும்பி வந்து புதுப் பேட்டரியைப் பொருத்தி மெயினைப் போட்டேன். திரை முழுக்க மெமரி பிழை. பின்னாலேயே தங்கை.

“அண்ணா, மெஷினத் தொட்டியா?”

“பேட்டரி மாத்தினேன். பத்திரமா, மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான்.”

[இங்கே அவள் முகத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எனக்கே பயமாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.]

“உன் கதையில செத்தவன அடுத்த பக்கத்துல எழுப்பிடுவ. இத எப்படி எழுப்பப் போற?”

‘அவள் கண்கள் கலங்க...’ இல்லை. அவள் அழவில்லை. மின்பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே செருகியிருந்த, மெஷினின் அமைப்பு எண்கள் அச்சிட்ட தாள்களை உருவினாள்.

“படி. ஒண்ணு விடாம. கற்பனை கலக்காம.”

4

நானூற்றுச் சொச்சம் எண்கள். நான் வாசிக்க, அவள் தட்டினாள். நான் வாசித்து ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டது இதுவே முதல் முறை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

கடைசித் தாளில் ஓர் எண்மீது எண்ணெய்க் கறை. திருகு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் எண். பதினொன்றா, பதினேழா?

“பதினொண்ணுன்னே வச்சுக்கலாமே.”

“நீ வச்சுக்குவ. ஷாஃப்ட் பம்புக்குள்ள போகாது.”

நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, மெஷினை முன்னும் பின்னும் நகர்த்தி முள்ளைப் பார்த்தாள். பதினேழு. ஷாஃப்டுக்கான புரோகிராமும் அழிந்திருந்தது. அதைத் தாளே இல்லாமல் தட்டினாள்.

இரண்டே கால் மணிக்கு முதல் ஷாஃப்ட் வந்தது. மைக்ரோமீட்டரால் மூன்று முறை அளந்தாள். சரியான அளவு! பட்டறையே அதிர இருவரும் குதித்தோம்.

5

முடிவு அ: வண்டி வரவேயில்லை.

(பொய். நான்கு அடிக்கும் முன்னே வந்துவிட்டது.)

முடிவு ஆ: பத்தொன்பது ஷாஃப்ட் பெட்டியில். இருபதாவது மெஷினில். டிரைவர் கைகட்டி நிற்கிறார். தங்கை மெஷினை ஓட்டும் பச்சைப் பட்டனைக் காட்டுகிறாள்.

“இத நீ அழுத்து.”

“நானா? காலையில நடந்தது மறந்துபோச்சா?”

“மறந்தது மெஷின்தான். அழுத்துண்ணா.”

விரலை வைத்துவிட்டேன். அடுத்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், கொஞ்சம் கிட்ட வாருங்கள். உங்கள் விரலையும் இதன்மேல் வையுங்கள்.